10 சென்ட் வீட்டுக்கு எந்த வேலி? மதிலா, கம்பியா, ரெடிமேட் ஸ்லாபா?

தென்னந்தோப்பு:
வணக்கம். உடுமலைக்குத் தெற்கே, ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அம்மா அப்பாவுக்காக 10 சென்டில் வீடு கட்டி முடிக்கப்போகிறேன். இடம் கிட்டத்தட்ட சதுரம், 66 அடிக்கு 66. கிழக்கே ரோடு, மேற்கே வேறொருவர் தோப்பு, வடக்கே காலி இடம், தெற்கே பெரியப்பா பையனுடைய நிலம். மண் முழுக்கக் கரிசல்.

இதுவரை மூன்று தடவை ஆடு புகுந்து மாதுளைக் கன்று, முருங்கை எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டது, அதனால் வேலியை இனியும் தள்ளிப்போட முடியாது. ஹாலோ பிளாக்கில் 5 அடி மதில் என்றால் கொத்தனார் சொல்கிற தொகைக்கு இன்னொரு கடன்தான் வாங்க வேண்டும். செயின் லிங்க் கம்பி (பின்னிய கம்பி வலை) போட்டால் வீடு வெட்டவெளியில் நிற்கிற மாதிரி இருக்கும் என்கிறார் அம்மா. ரெடிமேட் சிமென்ட் ஸ்லாப் இரண்டே நாளில் முடிந்துவிடுமாம். மாமா தகரம் போதும் என்கிறார். எதுங்க சரி?

மேஸ்திரி மகன்:
முதலில் தகரத்தை விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் எதற்காக அத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் அடிக்கிற அடிக்குத் தகரம் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும், தூணோடு சாய்த்துவிடும். இல்லையென்றால் ராத்திரியெல்லாம் தடதடவென்று சத்தம், அம்மா தூங்க மாட்டார்.

மதில் தப்பே இல்லை, ஆனால் கரிசலில் அதன் செலவு பாதி மண்ணுக்குள் போய்விடும். அந்த மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும். ஒன்றரை அடி தோண்டிக் கல்லைப் போட்டு மேலே கட்டினால் இரண்டு கோடையில் விரிசல் கை நுழைகிற அளவுக்கு விட்டுவிடும். கெட்டித் தரை வரும்வரை தூணுக்குக் குழி எடுத்து, தூண்களை இணைத்துக் கீழே கான்கிரீட் பெல்ட் போட்டு, அதன்மேல்தான் சுவர் எழுப்ப வேண்டும். உங்கள் இடத்துக்குச் சுற்றளவு 264 அடி. அத்தனைக்கும் இப்படிச் செய்தால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ரெடிமேட் ஸ்லாபுக்கும் இதே கதைதான். தூண் லேசாகச் சாய்ந்தாலே, அதில் ஸ்லாபைச் செருகுகிற பள்ளத்திலிருந்து (காடி) ஸ்லாப் நழுவும், பிறகு ஆளைத் தேடி அலைய வேண்டும். செம்மண்ணாக இருந்தால் தாராளமாகப் போடச் சொல்லியிருப்பேன்.

நான் செய்வதாக இருந்தால் ரோட்டுப் பக்கம் மட்டும் மதிலும் கேட்டும், மற்ற மூன்று பக்கமும் செயின் லிங்க். கம்பி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிசு. 10 கேஜ் என்றால் சுமார் 3.25 மில்லி, 12 கேஜ் என்றால் 2.6 மில்லிதான். விலை குறைவு என்று 12ஐத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆடு முன்னங்காலைத் தூக்கி வைத்து நின்று நின்றே அதைத் தொய்ய வைத்துவிடும். கல் தூணோ சிமென்ட் தூணோ, 7 அடியில் 2 அடி மண்ணுக்குள் இருக்கட்டும், 8 அடிக்கு ஒன்று. நாலு மூலைத் தூணுக்கும் சாய்வாக முட்டு கொடுக்காமல் விட்டால் கம்பியை இழுத்துக் கட்டும்போதே தூண் உள்பக்கம் வந்துவிடும். அப்புறம், கேட் 12 அடிக்குக் குறையக் கூடாது. செப்டிக் டேங்க் லாரி உள்ளே வர வேண்டிய நாள் ஒன்று வரும்.

அளவுக்கல்:
எந்த வேலி என்பது அப்புறம், எல்லை எங்கே என்று தெரியுமா? பட்டா, எஃப்எம்பி (சர்வே எண்ணுக்கான நில அளவை) வரைபடம் எடுத்து, பணம் கட்டி சர்வேயரை வரவழைத்து, தோப்புக்காரரையும் பெரியப்பா பையனையும் பக்கத்தில் நிற்க வைத்துக் கல் நடுங்கள். எங்கள் வீட்டில் பழைய பூவரசு மரத்தை நம்பி மதில் கட்டினோம். முக்கால் அடி அந்தப் பக்கம் போயிருக்கிறது. கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, வெள்ளையடித்த மறுநாள் வந்தார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு பக்கம் முழுக்க இடித்தோம். அஸ்திவாரத்தின் அகலமும் உங்கள் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும், சுவர் மட்டும் உள்ளே இருந்தால் போதாது.

வடமராட்சி:
ஆரும் உயிர்வேலியைப் பற்றிச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கட ஊரில் மதில் வருவதற்கு முன்னம் எல்லா வளவுக்கும் (வீட்டு நிலத்துக்கும்) வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை, இவற்றின் தடியை மழை தொடங்க நட்டால் அதுவே துளிர்த்து மரமாகும், அதைத்தான் கதியால் என்கிறோம். இடையில் கிடுகோ (பின்னிய தென்னோலை) பனையோலையோ வைத்து அடைத்தால் உள்ளே இருப்பவர் வெளியே தெரியார். குழை (இலை தழை) ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் (உரத்துக்கும்). கஷ்டம் என்னவென்றால் கிடுகு உக்கிப்போகும், திரும்பத் திரும்ப அடைக்க வேணும், இப்போது அதற்கு ஆள் கிடைப்பதில்லை. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டு வழக்குப் பேசிய சனமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது.

தென்னந்தோப்பு:
எல்லோருக்கும் நன்றி. சர்வே மனு கொடுக்க அப்பாவிடம் சொல்லிவிட்டேன், பெரியப்பா பையனிடமும் நானே பேசினேன். கம்பி வேலியை ஒட்டி உள்பக்கம் கிளுவை நட்டால் அம்மா கேட்ட மறைப்பு கிடைக்குமா? எங்கள் தாத்தா காலத்து இட்டேரியில் (தோட்டங்களுக்கு நடுவே போகிற வண்டிப்பாதை) இரண்டு பக்கமும் கிளுவைதான், இப்போது அங்கே தார் ரோடு.

மேஸ்திரி மகன்:
கிடைக்கும், ஆனால் அடர்ந்து வர இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை அம்மாவைச் சமாளிப்பது உங்கள் பாடு. கம்பியை ஒட்டி நடாதீர்கள், மரம் பருத்தால் கம்பியை விழுங்கிவிடும். இரண்டடி உள்ளே தள்ளி, அடிக்கு ஒன்றாக நடுங்கள். கம்பிக்கு அடியில் ஒரு வரிசைக் கல்லும் பதித்துவிடுங்கள், நாய், பன்றி தோண்டி வராது. பாம்புக்கு எந்த வேலியும் கணக்கில்லை, மதில் கட்டினாலும் கேட்டுக்கு அடியில் வரும். மயிலைப் பற்றிக் கேட்காதீர்கள், எங்கள் 6 அடி மதில் மேல்தான் தினமும் வந்து உட்காருகிறது.