புதுப்பிப்பு: கிளவுட் அப்ளிகேஷன் வடிவமைப்பை எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தேனே
பலர் சொன்னபடி குபர்நெட்டிஸை (பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) ஒதுக்கி வைத்துவிட்டு, நெட்வொர்க் பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்தே தொடங்கினேன். அருமையான யோசனை, நன்றி.

அதிகம் யோசிக்க வைத்தது ரீட்ரைதான், அதாவது பதில் வராத கோரிக்கையை மறுபடி அனுப்புவது. பதில் வரவில்லை என்றால் கோரிக்கையே போய்ச் சேரவில்லையா, இல்லை வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியே இல்லை, அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வைத்து, அதே எண் திரும்ப வந்தால் சர்வர் பழைய பதிலையே தர வேண்டும். இல்லாவிட்டால், பணம் கட்டும் கோரிக்கை என்றால் பணம் இரண்டு முறை கழியும். அப்புறம், எல்லா கிளையண்டும் ஒரே நேரத்தில் மறுபடி முயன்றால், எழுந்துகொண்டிருக்கும் சர்வர் திரும்பவும் விழும். காத்திருக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், எல்லாரும் ஒன்றாக வராதபடி அதில் கொஞ்சம் ரேண்டமும் கலக்க வேண்டும்.

2000இல் எரிக் புரூவர் முன்வைத்த கேப் தேற்றமும் (சர்வர்களுக்கு இடையே நெட்வொர்க் அறுந்தால், எல்லாரும் ஒரே சரியான தரவைப் பார்ப்பது, எப்போதும் பதில் தருவது என்ற இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது) இப்போது பிடிபடுகிறது. அடுத்து ராஃப்ட், அதாவது பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு வர உதவும் அல்காரிதம்.