பின்னுந்தா, பின்சக்கர இயக்கமா?

நண்பர்களே, வணக்கம்.

ஒரு சொல்லுக்கு உங்கள் யோசனை வேண்டும்; திங்கட்கிழமை வகுப்பு. விலையும் எடையும் குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் இனியும் வருமா என்ற கட்டுரையை இங்கே ராமநாதபுரத்தில் டிப்ளமோ மாணவர்களுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1989இல் வந்த மாஸ்டா மியாட்டா இன்றும் ஒரு டன்னை ஒட்டியே நிற்கிறது. டொயோட்டா 2015இல் காட்டிய எஸ்-எஃப்ஆர் என்ற மாதிரி கார் கடைக்கு வரவே இல்லை. டைஹாட்சு 2023இல் விஷன் கோப்பென் என்ற மாதிரியைக் காட்டியது. வாங்குவோர் குறைவு, பாதுகாப்பு விதிகளால் எடையும் ஏறுகிறது. அதனால்தான் டொயோட்டாவும் சுபாருவும் செலவைப் பங்கிட்டு, ஒரே காரை இரண்டு பெயரில் விற்கின்றன. இதெல்லாம் எழுதியாகிவிட்டது. ‘ரியர் வீல் டிரைவ்’, அதாவது எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றி வண்டியைத் தள்ளும் முறை, வந்ததும் பேனா நின்றது. ‘பின்சக்கர ஓட்டு’ என்றேன். “பின்னால் உட்கார்ந்து ஓட்டுவதா சார்?” என்று கேட்டான் ஒருவன்.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, சக்கரம் வடசொல். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் (496) கால் என்பது சக்கரம்தான். ஆழி என்றாலும் சக்கரம், அதுவே கடலும். நம் கரையில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வட்டம்தான் உறவு என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்குப் ‘பின்காலுந்து’. சுருக்கினால் ‘பின்னுந்து’.

தொண்டியிலிருந்து:

ஐயா கோபிக்கக் கூடாது. பின்காலுந்து என்றால் கழுதை உதைப்பது கண்ணில் வருகிறது. பேருந்து, மகிழுந்து, சரக்குந்து பழகிய காதுக்குப் பின்னுந்தும் ஒரு வண்டிதான். “இதில் இடமில்லை, பின்னுந்தில் வாருங்கள்” என்பார் நடத்துநர்.

பாம்பனிலிருந்து:

மாணவர்களில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்களே. படகுக்கு முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அமரத்தில் சுழலும் விசிறிதான் படகைத் தள்ளுகிறது. ‘அமர இயக்கம்’ என்றால் விளக்கமே வேண்டாம்.

மீண்டும் நான்:

சொல் அழகு. ஆனால் படகைத் திருப்பும் சுக்கானும் அமரத்தில்தான் இருக்கிறது. காரில் திருப்புவது முன்சக்கரம், தள்ளுவது பின்சக்கரம்; இந்த வேலைப் பிரிவினைக்காகத்தான் இந்தக் காரை விரும்புகிறார்கள். அப்பாவின் அம்பாசிடர் ஒருமுறை ஏர்வாடி மணலில் புதைந்தது. நான் பின்னால் நின்று தள்ளினேன். பின்சக்கரங்கள் மணலை வாரி என் வேட்டியில் அடித்தன. முன்சக்கரங்கள் எனக்கென்ன என்று சும்மா கிடந்தன. அந்தக் காட்சி சொல்லில் தெரிய வேண்டும். ஓட்டு, உந்து இரண்டையும் விட்டுப் ‘பின்சக்கர இயக்கம்’ என்று போடப்போகிறேன். சக்கரம் வள்ளுவருக்கு முன்பே இங்கே வந்து குடியேறிவிட்டதோ என்னவோ, இனி அதைத் துரத்த எனக்கு நேரமில்லை.

தொண்டி: சரி.

பாம்பன்: அரை மனதாகச் சரி. அமரத்தை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.

கீழக்கரையிலிருந்து:

எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். அது கிடக்கட்டும், எடை குறைந்ததற்கு என்ன போட்டீர்கள் தம்பி? ‘இலகு’ என்றால் அதுவும் வடசொல். ‘நொய்ம்மை’ இருக்கும்போது அது எதற்கு? மயிலிறகானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டிக்கு அச்சு முறியும் என்ற வள்ளுவரின் நாட்டுக்காரர்கள் நாம். நாளை விரிவாக எழுதுகிறேன்.