மூக்கோரம் சிவந்து செதில் உரிகிறது: எண்ணெய் வைப்பதா, விடுவதா?

ஈரோட்டான்:
வயது 31, ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. ரொம்ப நாளாக மூக்கின் இரண்டு ஓரமும் சிவந்து, மஞ்சளாகப் பிசுபிசுவென்று செதில் உரிகிறது. புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் அதே கதை. தலைப் பொடுகைச் சொல்லவே வேண்டாம், கறுப்புச் சட்டை போடுவதையே விட்டுவிட்டேன். அம்மாவோ "எல்லாம் உடம்புச் சூடு, எண்ணெய் பத்தல" என்று சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து ஊற வைக்கிறார். மற்ற நாளில் தேங்காய் எண்ணெய்.

மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கினேன். தடவினால் சட்டென்று மறையும், விட்டால் முன்னைவிட மோசமாக வரும். கடைசியில் ஸ்கின் டாக்டரிடம் போனேன். செபோரிக் டெர்மடைடிஸ் என்று எழுதி, கீட்டோகோனசோல் ஷாம்பு கொடுத்தார். வெளியே அத்தனை கூட்டம், எதையும் நின்று கேட்க முடியவில்லை. இது ஒட்டுமா? அக்கா குழந்தையைத் தூக்கவே யோசனையாக இருக்கிறது. முழுசாக எப்போது போகும்?

நாஞ்சில் வாத்தியார்:
தம்பி, முதலில் குழந்தையைத் தூக்குங்கள். இது ஒட்டாது.

எனக்குக் கல்லூரி நாளிலிருந்து இருக்கிறது, இப்போது பென்ஷன் வாங்கப் போகிறேன். அதனால் "எப்போது போகும்" என்பதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். அடங்கியிருக்கும் காலத்தில் உங்களுக்கு இது இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது.

மலசீசியா என்று ஒரு ஈஸ்ட், அதாவது பூஞ்சை வகை. எல்லார் தோலிலும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்கத் தெரியாத ஜீவன், நம் தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்றுதான் பிழைக்கிறது. அது தின்று மிச்சம் வைக்கும் ஒலியிக் அமிலம் போன்றவை சிலருடைய தோலுக்கு ஆகாது. சிவக்கும், அரிக்கும், தோல் அவசர அவசரமாக உரியும். எண்ணெய்ச் சுரப்பி அதிகமுள்ள தலை, புருவம், மூக்கோரம், நடு நெஞ்சு என்று இடம் பார்த்து வருவது அதனால்தான்.

இப்போது அம்மா வைத்தியத்துக்கு வருவோம். செதிலைப் பார்த்தால் வறட்சி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாமே அந்த ஈஸ்டுக்குச் சாப்பாடு. ராத்திரி முழுக்க ஊற வைப்பது அதற்குப் பந்தி விரிப்பதுதான். அம்மாவிடம் சண்டை வேண்டாம். எண்ணெயைக் கை, கால், முதுகுக்குத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், தலையையும் முகத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் தீபாவளியைச் சமாளிக்கிறேன். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். புண்ணான தோலில் எரிச்சல்தான் மிஞ்சும்.

டாக்டர் கொடுத்த கீட்டோகோனசோல் அந்த ஈஸ்டை அடக்கும் மருந்து. ஷாம்பு விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தேய்த்த கையோடு தண்ணீர் ஊற்றினால் காசு சாக்கடைக்குத்தான். தலையை நனைத்து, விரல் நுனியால் (நகத்தால் அல்ல) மயிர்க்கால் வரை தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் அப்படியே விடுங்கள். நான் அந்த நேரத்தில் பனியனை அலசிவிடுவேன். போர் தண்ணீரில் நுரை வராது, வராவிட்டால் போகட்டும். அதே ஷாம்பை மூக்கோரம், புருவம், காதுப் பின்புறத்திலும் லேசாகப் பூசிக் கழுவலாம், கண்ணில் படாமல். பொதுவாக வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரம். உங்கள் டாக்டர் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

அடங்கியதும் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை தொடர வேண்டும். தூக்கம் கெட்டால், மன அழுத்தம் கூடினால் எட்டிப் பார்க்கும். எனக்கு மார்ச், ஏப்ரலில் விடைத்தாள் கட்டு வந்தால் புருவம் சிவந்துவிடும். பெயில் ஆகிறவன் அவன், உரிவது என் தோல்! உங்களுக்கு ஆடி தள்ளுபடி சீசனில் வருகிறதா என்று பாருங்கள்.

மாத்திரைப்பெட்டி:
நான் மருந்தாளர். அந்த கிரீம் டியூப்பைத் திருப்பிப் பாருங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கும். அது ஸ்டீராய்டு, சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. வீக்கத்தைச் சட்டென்று அமுக்குவதால் குணமான மாதிரி தெரியும். முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும், பரு வரும். ரொம்ப நாள் போட்டதை நிறுத்தும்போது கொஞ்ச நாள் முகம் தகதகவென்று எரியலாம். அதனால் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். லேசான ஹைட்ரோகார்டிசோனைச் சில நாளுக்கு மட்டும் கொடுப்பார், அல்லது ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் எழுதுவார்.

நிலாக்குட்டி அம்மா:
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். என் 2 மாதக் குழந்தைக்கு உச்சியில் மஞ்சளாக அடை படிந்திருக்கிறது. இதே ஷாம்பு போடலாமா?

மாத்திரைப்பெட்டி:
வேண்டாம் அக்கா. கைக்குழந்தைக்கு அப்படி வருவது சகஜம், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகப் போய்விடும். குளிக்க வைக்கும் முன் கொஞ்சம் மினரல் ஆயில் தடவி, ஊறியதும் மென்மையான பிரஷால் எடுத்து, குழந்தை ஷாம்பால் கழுவிவிடுங்கள். பிய்க்காதீர்கள். நீர் வடிந்தாலோ உடம்புக்குப் பரவினாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஈரோட்டான்:
டியூப்பைப் பார்த்தேன். குளோபீட்டசாலேதான், கூட இன்னும் இரண்டு மருந்து கலந்திருக்கிறது. திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன். வாத்தியாரே, தாடி வைத்திருக்கிறேன், எடுத்துவிடவா? முழங்கையிலும் கொஞ்சம் உரிகிறது, அதுவும் இதுதானா?

நாஞ்சில் வாத்தியார்:
தாடி இருக்கட்டும், ஆனால் ஷாம்பு அடித்தோல் வரை போக வேண்டும். எடுத்தால் மருந்து போடச் சுலபம், அவ்வளவுதான். முழங்கை இதற்கு வழக்கமான இடமில்லை. வெள்ளி நிறத்தில் தடித்த செதில் என்றால் சோரியாசிஸ் என்ற வேறு தோல் நோயாக இருக்கலாம். அதையும் நகத்தில் குழி ஏதாவது இருந்தால் அதையும் கூட்டம் இருந்தாலும் விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். டியூப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.