டாப்ளரில் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எண் கூடுதலாக வந்தவர்கள் உண்டா? என் அனுபவம் இது

கர்ப்பத்தின் 32-வது வாரம். தொப்புள்கொடி டாப்ளரில் பி.ஐ., அதாவது ரத்தம் ஓட எவ்வளவு தடை என்று காட்டும் எண், கூடுதலாக இருந்தது. குழந்தைக்கு ரத்தம் போகவில்லையோ என்று எனக்குக் கை கால் ஓடவில்லை.

மல்லாந்து படுத்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கண் இருட்டிக்கொண்டு வந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. டாக்டர் உடனே என்னை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி முதுகுக்குத் தலையணை கொடுத்தார். கனத்த கர்ப்பப்பை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய குழாயை அழுத்திவிடுமாம். அப்புறம் திரையைக் காட்டினார். ஓர் அலை உயரம், அடுத்தது குட்டை. "குழந்தை மூச்சு அசைவில் இருக்கிறது, இப்போது அளந்தால் சரியாக வராது" என்று காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அலைகள் ஒரே உயரத்தில் வரிசைகட்டின. எண்ணும் இறங்கியது.

ஆனால் முழுதாக இறங்கவில்லை. அன்று எனக்கு பிரஷர் 150/96. நச்சுக்கொடியில் ரத்தம் ஓடத் தடை கூடியிருக்கிறது, எண் இன்னும் கூடுதலாக இருப்பதை லேசாக விடக்கூடாது என்றார். வாராவாரம் டாப்ளர் எடுத்து, 37-வது வாரத்தில் பிரசவம். குழந்தை சின்னதுதான், நன்றாக அழுதாள்.

* * *

அக்கா, எனக்கு நேர்மாறாக நடந்தது. 29-வது வாரத்தில், குழந்தையின் இதயம் விரியும் நேரத்தில் தொப்புள்கொடியில் இருக்கவேண்டிய ரத்த ஓட்டமே தெரியவில்லை என்றார்கள். நுரையீரல் முதிர்ச்சிக்கு 24 மணி நேர இடைவெளியில் 2 ஸ்டீராய்டு ஊசி. மறுநாள் பார்த்தால் ஓட்டம் திரும்பியிருந்தது! வீட்டில் எல்லோரும் அழுதேவிட்டோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இது ஊசியின் வேலை, சில நாள்தான் நிற்கும். நச்சுக்கொடி சரியாகிவிடவில்லை" என்றார். வீட்டுக்கு அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் ஓட்டம் மறுபடி மறைந்தது. அன்று நான் வார்டிலேயே இருந்ததற்கு இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

* * *

ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். தொப்புள்கொடியில் குழந்தையின் வயிற்றுப் பக்கம் அளந்தால் எண் கூடும், நச்சுக்கொடிப் பக்கம் குறையும். அதனால் நடுவில் மிதக்கும் வளையத்தில்தான் அளப்போம். வாரம் ஏற ஏற எண் இயல்பாகவே இறங்கும். 24 வாரத்தில் சரியான எண் 36-ல் சரியாக இருக்காது. அதனால் தோழியின் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். பிரஷர், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரை எல்லாம் சொல்லுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், அதுவும் ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும். திட்ட மாட்டோம்.

* * *

ரொம்ப நன்றி. நாளை மறுநாள் என் தங்கைக்கு ஸ்கேன். பழைய ரிப்போர்ட்டையும் பிரஷர் நோட்டையும் இப்போதே அவள் பையில் வைத்துவிட்டேன்.