குறட்டைதானே என்று விட்டிருந்தேன்

ஈரோட்டில் துணிக்கடை, வயது 46. படுத்த அஞ்சு நிமிஷத்தில் குறட்டை விடுவேன். கொடுத்து வைத்தவன் என்பார்கள் வீட்டில். ஆனால் எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலை பாரம். மதியம் பில் போடும்போதே கண் சொக்கும். இரவில் மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுவேன். சர்க்கரை பார்த்தால் இல்லை. பிரஷருக்கு மூன்று வகை மாத்திரை போட்டும் 150-க்குக் கீழே இறங்கவில்லை.

ஒருநாள் மனைவி செல்போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். குறட்டை ஏறிக்கொண்டே போய் டக்கென்று நிற்கிறது. அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான். மனசுக்குள் எண்ணினேன், 22 வரை போனது. பிறகு கிணற்றில் முங்கி எழுந்தவன் மாதிரி ஓர் இழுப்பு. "ராத்திரி பூரா இப்படித்தானுங்க. நான் எங்க தூங்கறது?" என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூச்சு 10 வினாடியாவது நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ ஒன்று என்று கணக்கு. மணிக்கு 30-ஐத் தொட்டாலே தீவிரமாம். எனக்கு 41! ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்க, உடம்பு பதறி எழுப்பிவிடுகிறது. பிரஷர் அடங்காததற்கும் ராத்திரி எழுந்து எழுந்து போனதற்கும் இதில் பங்கு இருக்கும் என்றார்.

சிபேப் மெஷின் வாங்கினேன். குழாய் வழியாக மாஸ்க்குக்குள் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் வைப்பது. முதல் வாரம் நரகம். தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றி வீசியிருக்கிறேன். மூக்கு காய்ந்துபோனது, தண்ணீர் ஊற்றும் டப்பாவை மாட்டியதும் சரியானது. சின்னவன் என்னை "யானை அப்பா" என்கிறான். மூன்றாவது வாரம் ஒருநாள் கண் விழித்தால் ஜன்னலில் வெளிச்சம். இடையில் ஒருமுறைகூட எழவில்லை.

*

அண்ணா, நான் நாமக்கல், லாரி ஓட்டுகிறேன். எனக்கும் இதேதான், ஆனால் லேசு. மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு நிற்கிறது. பழைய பனியனின் முதுகுப் பக்கம் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொண்டேன். மல்லாந்தால் உறுத்தும், தானாகத் திரும்பிவிடுவேன். படுக்கும் முன் சரக்கு போட்டால் தொண்டைத் தசை தளர்ந்து இன்னும் மோசமாகும் என்றார்கள். அதை விட்டதுதான் சிரமம், பந்து அல்ல.

*

தம்பி, பந்து யோசனை எனக்குப் போதாது என்றுவிட்டார் டாக்டர். மெஷின்தான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் ஏசிக்குக் கீழே இடம் பிடிக்க, நான் பிளக் பாயிண்ட் தேடிப் பாய் விரித்தேன். சித்தப்பா ஒருத்தர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இது என்ன விலை வருது?" என்றார். அவர் குறட்டை மண்டபமே அறிந்தது.