பிக்மென்ட் இங்க்: நிறமி மையா, துகள் மையா?

குழுவினருக்கு வணக்கம். படம் அச்சிடும் துறைக்கான நம் கலைச்சொல் பட்டியலைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> பிக்மென்ட்டுக்குப் பாடநூலிலேயே ‘நிறமி’ இருக்கிறது. ‘நிறமி மை’ என்று முடித்துக்கொள்ளலாமே?

முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் பாடநூலில் நிறமி என்றதும் நினைவுக்கு வருவது இலையின் பச்சையமும் தோலின் மெலனினும். நிறம் தருவது எதுவோ அது நிறமி. கரையுமா, கரையாதா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இங்க்ஜெட்டில் கருப்பு வெள்ளைப் படம் அச்சிடுகிறவருக்கோ அதுதான் முதல் கேள்வி. சாய மை கரைசல். தாளின் பூச்சுக்குள் இறங்கிவிடும். பிக்மென்ட் கரையாது. மைக்ரானுக்கும் சிறிய துகள்களாக மிதந்து வந்து மேற்பரப்பிலேயே தங்கும். ஒரு துகளுக்குள் எண்ணற்ற மூலக்கூறுகள் நெருங்கிக் கிடப்பதால் ஒளியும் ஓசோனும் முதலில் வெளிப்புறத்தைத்தான் அரிக்கும். சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனியே மாட்டிக்கொள்கிறது.

அச்சிடும்போது படும் பாடும் இந்தத் துகளால்தான். பளபளப்புத் தாளைச் சாய்த்துப் பார்த்தால் கரும்பகுதி செம்புபோல் மினுங்கும். மேட் பிளாக் என்னும், பளபளப்பற்ற தாளுக்கான கருப்பு மை பருத்தித் தாளில் ஆழ்ந்த கருப்பு தரும். பளபளப்புத் தாளில் சரியாக ஒட்டாமல் விரலோடு வந்துவிடும். பளபளப்புத் தாளுக்கான கருப்பு மையான போட்டோ பிளாக்கை மேட் தாளில் அடித்தாலோ கருப்பு வெளிறிப்போகும். இரண்டு கருப்பு வைத்திருப்பது இதற்காகத்தான். என் ஓட்டு ‘துகள் மை’க்கு.

> லேசர் பிரிண்டரின் டோனரோடு குழம்பாதா?

அது உலர்ந்த தூள். ‘மைத்தூள்’ என்று ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. இது நீர்மம். குழம்பாது என்றே நினைக்கிறேன்.

> கருப்புப் பிக்மென்ட் கார்பன்தானே? ‘கரிம மை’ அழகாக இருக்கிறதே?

வேண்டவே வேண்டாம். கரிம வேதியியல் படித்தவர் அதை ஆர்கானிக் சேர்மம் என்றுதான் புரிந்துகொள்வார். சாயங்கள் பெரும்பாலும் அந்த வகைதான்! கார்பன் மையைத் தனியே குறிக்க வேண்டுமானால் ‘கரி மை’ போதும். சுவடியில் எழுத்தாணி கீறிய இடத்தில் நம்மவர்கள் தேய்த்ததும் விளக்குக்கரிதானே.

அடுத்து, அடர்த்தி குறைந்த கருப்பு மையான லைட் பிளாக். பட்டியலில் ‘சாம்பல்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கருப்பு மை உள்ள பொறி, இடைப்பட்ட நிழல்களுக்கு சியான், மெஜந்தா, மஞ்சளைக் கலந்தாக வேண்டும். பகல் வெளிச்சத்தில் நடுநிலையாகத் தெரிந்த படம் டியூப்லைட்டில் பச்சையடிப்பது இதனால்தான். 2005-ல் எப்சன் ஆர்2400 அச்சுப்பொறியில் வந்த அல்ட்ராகுரோம் கே3 மை வரிசை, ஒரே நேரத்தில் மூன்று அடர்த்தியில் கருப்பைத் தந்து இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்தது. லைட் பிளாக் வேறு நிறமல்ல, நீர்த்த கருப்பு. இளநீலம், இளஞ்சிவப்பு வரிசையில் ‘இளங்கருப்பு’ என்போம். லைட் லைட் பிளாக் ‘வெளிர் இளங்கருப்பு’. கேனன் தன் மையை கிரே என்றே அழைக்கிறது. அங்கே சாம்பல் இருக்கட்டும்.

நெடுங்காலம் கெடாத ஆர்க்கைவல் தாளுக்குக் ‘காப்பகத் தாள்’ எனக்கு ஒப்பவில்லை. காப்பகத்தில் மட்கிக்கொண்டிருக்கும் தாளும் காப்பகத் தாள்தானே! இவ்வகைத் தாளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9706 இடத்தைப் பேசவில்லை; தாளில் அமிலத்தை எதிர்க்கும் காரச் சேமிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. ‘நிலைத்தாள்’ பொருந்தும். ஆனால் அது தாளுக்கு மட்டுமான உறுதி, மேலே உள்ள பூச்சுக்கோ படத்துக்கோ அல்ல. நூறு சதவீதப் பருத்தியே ஆனாலும் ஒளிர்வூட்டி (தாளை இன்னும் வெண்மையாகக் காட்டும் வேதிப்பொருள்) சேர்த்திருந்தால், அது செயலிழக்கும்போது வெண்மை மங்கி மஞ்சளாகத் தெரியும். கடைக்காரர்கள் இதையெல்லாம் ஒரே ‘ஆர்க்கைவல்’ முத்திரைக்குள் அடைத்துவிடுகிறார்கள். ‘ஒளிர்வூட்டியற்ற’ என்பதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

—

ஐயா,

இளங்கருப்புக்கும் நிலைத்தாளுக்கும் சம்மதம். துகள் மைக்கு ஒரு தடை. பெயிண்ட் துறையில் கரையாதது நிறமி, கரைவது சாயம் என்ற பிரிவு முன்பே இருக்கிறது. அதே பொருள் பெயிண்ட் டப்பாவில் நிறமி, மைப்பெட்டியில் துகள் என்றால் மாணவர்தான் திண்டாடுவார். தலைச்சொல் ‘நிறமி மை’யாக இருக்கட்டும், ‘கரையாத் துகள்’ என்பதை விளக்கத்தில் சேர்ப்போம்.

—

பெயிண்டை நான் யோசிக்கவில்லை. சரி, நிறமி மையே தலைச்சொல். ‘துகள் மை’ மாற்றுச்சொல்லாகப் பக்கத்தில் நிற்கட்டும், அதை விட மனமில்லை. பளபளப்புத் தாளில் கரும்பகுதி மினுங்கும் அந்தப் பிரான்சிங்குக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. ‘செம்பு மினுக்கம்’ என்று தற்காலிகமாகப் பதிந்திருக்கிறேன். மினுக்கம் நீலமாகவும் வருவதுண்டு என்பதால் இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.