சிஆர்பி 84-லிருந்து 9.6: ரிப்போர்ட் பார்த்து ஏமாந்த கதை

2021-ல் அப்பாவுக்குக் கொரோனா. ஆறாம் நாள் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) 84. இரண்டு நாள் கழித்து வேறொரு லேப்பில் எடுத்தோம், 9.6 என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பியது. சித்தப்பாவுக்குப் போன் போட்டு "இறங்கிடுச்சு" என்று சொன்னதே நான்தான்.

டாக்டர் எண்ணை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தார். முதல் லேப் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருந்தது. இரண்டாவது, டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு. பழைய கணக்கில் 9.6 என்றால் 96. இறங்கவே இல்லை, ஏறியிருக்கிறது!

உடனே விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, அப்பாவை ஆறு நிமிடம் நடக்கவிட்டார். உட்கார்ந்திருந்தபோது 95, நடந்து முடித்ததும் 90. "மூச்சு வாங்குதா?" என்று கேட்டால், தோள் ஏறி இறங்க, "அதெல்லாம் இல்லையே" என்கிறார் அப்பா. அன்று மாலையே அட்மிஷன், ஆக்சிஜன், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அட்மிஷன் ஆன ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். கொரோனா மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், அழற்சியைக் குறைக்கும் டோசிலிசுமாப் மருந்துக்கு ஆள் சேர்த்ததும் இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் என்று அப்புறம் படித்தேன்: சிஆர்பி 75-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஆக்சிஜனும் 92-க்குக் கீழே போயிருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே ஆக்சிஜன் வைத்திருக்க வேண்டும்.

*

மேலே உள்ள அப்பா கதையைப் படித்தேன். நான் லேப்பில் வேலை பார்ப்பவன். யூனிட் குழப்பம் டி-டைமரில் (ரத்தக்கட்டு கரையும்போது வரும் துணுக்கை அளக்கும் டெஸ்ட்) இன்னும் மோசம். அதற்கு எஃப்இயு, டிடியு என்று இரண்டு யூனிட். ஒரே ரத்தம்தான், எஃப்இயு கணக்கில் வரும் எண் டிடியு கணக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். போதாததற்கு வயதானாலும் கூடும், கர்ப்பத்திலும் கூடும்.

எல்டிஹெச் (செல்கள் சேதமானால் ரத்தத்தில் கூடும் ஒரு நொதி) வேறு ரகம். நரம்பு கிடைக்காமல் ஊசியால் துழாவி எடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். டியூபைச் சுழற்றி எடுத்துப் பார்த்தால், மேலே மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் ரோஸ் கலரில் நிற்கும். சிவப்பணுவுக்குள்ளேயே எல்டிஹெச் நிறைய இருப்பதால் ரிசல்ட் எகிறத்தான் செய்யும். ஒருமுறை அப்படிப் போன ரிப்போர்ட்டால் ஒரு குடும்பமே ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் திரும்ப எடுத்தோம், நார்மல். ரோஸ் சீரத்தைப் பார்த்தவுடனே நிறுத்தியிருக்க வேண்டும், எங்கள் தப்புதான்.

*

மேலே லேப் நண்பர் சொன்னதைப் படித்ததும் என் கூத்து ஞாபகம் வந்தது. எனக்கும் கொரோனாதான். சிஆர்பி 62, ஆக்சிஜன் 98. இணையத்தில் அரைகுறையாகப் படித்துவிட்டு "ஸ்டீராய்டு போடுங்க சார்" என்று நானே போய் நின்றேன். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று 2020-லேயே தெரிந்துவிட்டது என்றார் டாக்டர். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கும், வைரஸ்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்டார். அப்புறம் என் கன்னத்தையே பார்த்தவர், "வாயைத் திறங்க" என்றார்.

கடைவாய்ப் பல்லில் சீழ். ஒரு வாரமாக வலது பக்கம் மெல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தேன், காய்ச்சல் களேபரத்தில் அதைச் சொல்லவே தோன்றவில்லை. ஆன்டிபயாடிக் முடித்து, பல்லைப் பிடுங்கிய பிறகு எடுத்ததில் சிஆர்பி 4. யூனிட்டையும் பார்த்துவிட்டேன், லிட்டருக்குத்தான்.